நாய் வயிறு எதையும் தாங்கிவிடாது

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை எந்த ஊரில் நாய் வளர்ப்பவரிடம் பேசினாலும் ஒரு பேச்சு தவறாமல் வரும்: "நாய்க்கு என்னங்க, கல்லைத் தின்னாலும் செரிச்சிடும்." வீட்டு நாய்க்கும் இதே பேச்சு, தெரு நாய்க்கும் இதே பேச்சு. டிசம்பரில் திராட்சை ஒயின் வடித்த சக்கையைக் கொல்லையில் கொட்டும்போதும், பேக்கரியில் மிஞ்சிய ஈஸ்ட் மாவைப் பின்வாசலில் வீசும்போதும், பனந்தோப்பில் கள் மண்டியை மரத்தடியில் கவிழ்க்கும்போதும் கையைத் தடுக்காமல் விடுவது இந்த நம்பிக்கைதான். இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்கள் பல. அவற்றை எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவற்றில் உண்மையும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

அந்த உண்மையை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நம் நாட்டு நாய்கள் பழைய சோற்றிலும் மோரிலும் வளர்ந்தவை. இட்லி ஒன்றைப் பிய்த்துப் போட்டால் அதனால் கெடுதல் இல்லை. ஓநாயிடம் இல்லாத அளவுக்கு நாயின் உடலில் மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் படிகள் பெருகியிருக்கின்றன என்பதை 2013இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. மனிதன் உழவு தொடங்கிய பிறகு அவன் சோற்றோடு சேர்ந்தே நாயும் மாறியிருக்கிறது. ஆனால் சோற்றைச் செரிக்கக் கற்றுக்கொண்ட வயிறு நஞ்சையும் முறிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்று யாரும் காட்டியதில்லை.

"தெரு நாய் எல்லாத்தையும் தின்னுது, ஒண்ணும் ஆகலையே" என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. ஒன்றும் ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? கண்ணில் படுபவை பிழைத்த நாய்கள் மட்டும். செத்தது புதரோரம் கிடக்கும், இல்லை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி மோதியதாக எண்ணி அப்புறப்படுத்தப்படும். அதைவிட முக்கியமானது நேரக் கணக்கு. திராட்சையைத் தின்ற நாய் அன்றைக்கே சுருண்டு விழுவதில்லை. சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கும், ஒரு நாள் சாப்பிடாமல் படுத்திருக்கும். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சிறுநீரகம் செயலிழக்கும். சிறுநீர் குறைந்து, பிறகு நின்றே போகும். வியாழக்கிழமை இரவு கொட்டிய சக்கைக்கும் ஞாயிற்றுக்கிழமை செத்த நாய்க்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? "வயசாயிடுச்சு", "வேற ஏதோ நோய்" என்று சொல்லிப் புதைத்துவிடுவார்கள். காரணம் மறைந்தே நிற்பதால்தான் அடுத்த ஆண்டும் சக்கை அதே இடத்தில் கொட்டப்படுகிறது.

"நாம சாப்பிடுறதுதானே, அதுக்கு மட்டும் எப்படி விஷமாகும்?" இந்தக் கேள்வி நியாயமானது. விலங்கு மருத்துவர்களையே நெடுநாள் குழப்பிய கேள்வியும் இதுதான். திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன என்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகிவிட்டது. பூச்சிமருந்தா, பூஞ்சையா என்று தேடியும் எது கெடுக்கிறது என்பது பிடிபடவில்லை. அமெரிக்காவின் விலங்கு நஞ்சுத் தடுப்பு மையத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் 2021இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். பேக்கிங்கில் சேர்க்கும் கிரீம் ஆஃப் டார்ட்டர் கலந்து வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்கும் திராட்சை தின்ற நாய்க்கும் வந்தது ஒரே வகைச் சிறுநீரகக் கோளாறு. இரண்டிலும் பொதுவாக இருந்தது டார்டாரிக் அமிலம். மறு ஆண்டு அதே குழுவினர் வெளியிட்ட கட்டுரையில் மூன்றாவதாக ஒரு பொருளும் சேர்ந்தது: புளி.

நம் வீட்டு அடுக்களைக்கு இதைவிட நெருக்கமான செய்தி கிடையாது. புளிச் சதையில் டார்டாரிக் அமிலம் நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வரை இருக்கிறது. திராட்சையில் இருப்பதைப்போல் பல மடங்கு. மாசி, பங்குனியில் புளி உலுக்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு உருண்டை பிடித்துப் பானையில் அடைக்கும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அப்போது திண்ணையில் பரப்பிய புளிக்குப் பக்கத்திலேயே நாயும் படுத்திருக்கும். ரசம் கலந்த ஒரு வாய்ச் சோற்றுக்காக யாரும் பதற வேண்டாம். ஆனால் இனிப்பும் உப்பும் சேர்ந்த புளி உருண்டையை நாய் கவ்விக்கொண்டு ஓடினால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் ஒயின் செய்பவர்கள் சிலர் புளிப்புக்காக டார்டாரிக் அமிலப் பொடியையே வாங்கிச் சேர்க்கிறார்கள். அந்தப் பொட்டலம் நாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். இந்த அமிலத்தை நம் உடலைப்போல் வெளியேற்ற முடியாமல் நாயின் சிறுநீரகச் செல்களில் அது தேங்கிவிடுகிறது என்பதே இப்போது பெரிதும் பேசப்படும் விளக்கம். நாம் சாப்பிடுவது நாய்க்கு ஏன் ஆகாது என்பதற்கான பதில் இதில் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் ஒயினையே எடுத்துக்கொள்வோம். கம்பத்துப் பன்னீர் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, கொஞ்சம் பட்டை, கிராம்பு. பீங்கான் ஜாடியில் இருபத்தொரு நாள் மூடி வைத்து, துணியில் வடிகட்டியபின் எஞ்சும் சக்கையில் என்ன இருக்கிறது? திராட்சைத் தோலும் விதையும், அவற்றில் ஊறிய சாராயம், இன்னும் உயிரோடிருக்கும் ஈஸ்ட், தின்னத் தூண்டும் சர்க்கரை. நாய்க்குத் தீங்கானவை ஒன்றுக்கு மூன்றாக ஒரே குவியலில் சேர்ந்திருக்கின்றன. ஒயினைப் பூட்டி வைக்கிறோம், சக்கையைத்தான் திறந்த வெளியில் போடுகிறோம்.

"நாய்க்கு மோப்பம் இருக்கு, ஆகாததை அதுவே விட்டுடும்" என்பது அடுத்தது. மோப்பம் இருப்பது உண்மை. அதுவே அதைச் சக்கைக்கு அழைத்துப் போகிறது. நாய்க்கு இனிப்பின் சுவை தெரியும். கிடைத்ததை மெல்லாமல் விழுங்குவது அதன் இயல்பு. கசப்பைக் கண்டு விலகும் நாயும் உண்டு, ஆனால் இனிப்பில் ஒளிந்த நஞ்சை எந்த மோப்பமும் காட்டிக் கொடுக்காது. சர்க்கரை சேர்க்காத சூயிங்கத்திலும் சில இனிப்புகளிலும் இருக்கும் சைலிட்டால் இதற்கு நல்ல உதாரணம். ஈஸ்ட்டால் அதைப் புளிக்க வைக்க முடியாது என்பதால் வீட்டில் மது செய்வோர் சிலர் கடைசியில் இனிப்புக்காக அதைச் சேர்ப்பதும் உண்டு. 10 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரே ஒரு கிராம் உள்ளே போனாலும் ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். அளவு கூடினால் கல்லீரலும் போகும்.

"கொஞ்சம் பீர் ஊத்தினா தூங்கும், தீபாவளி வெடிக்குப் பயப்படாது." இதைச் சொல்பவர்கள் நாயின் மேல் பாசம் உள்ளவர்கள்தான் என்பதால் எனக்கு வருத்தம் அதிகம். எடைக் கணக்கைப் பாருங்கள். 60 கிலோ ஆளுக்கு ஆறு பெரிய பாட்டில் பீர் எப்படியோ, 10 கிலோ நாய்க்கு ஒரு பாட்டில் அப்படி. தள்ளாட்டம், வாந்தி, ரத்தச் சர்க்கரை குறைதல், உடல் குளிர்ந்து போதல், மூச்சு மந்தமாதல் என்று அது இறங்கும். பார்ப்பவருக்கு அது தூக்கமாகத் தெரியும். கள்ளும் இப்படித்தான். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருந்தாலும், சுண்ணாம்பு தடவாத கலயத்தில் விழும் சாறு தடையைப் பார்த்தா புளிக்காமல் இருக்கப் போகிறது? சொட்டத் தொடங்கியதுமே அது புளிக்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு தடவிய கலயத்துப் பதநீர் வேறு, இது வேறு.

ஈஸ்ட் மாவை இதைவிடக் கொடியது என்றே சொல்வேன், ஏனென்றால் அது மதுவாகவே தெரிவதில்லை. நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். ஈஸ்ட்டுக்கு அது மிகப் பிடித்த சூடு. பன்னுக்கும் பீட்சாவுக்கும் பிசைந்த பச்சை மாவை நாய் விழுங்கினால் வயிற்றுக்குள் போயும் மாவு உப்பிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் காற்று நிறைந்து வயிறு வீங்கும், இன்னொரு பக்கம் சாராயம் ஊறி ரத்தத்தில் கலக்கும். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வீங்கிய வயிறு முறுக்கிக்கொண்டால் அறுவை சிகிச்சை இல்லாமல் காப்பாற்ற முடியாது. இட்லி மாவைப் புளிக்க வைப்பவை பெரும்பாலும் பாக்டீரியாக்கள், ஆகவே அதில் இந்த ஆபத்து குறைவு. ஈஸ்ட்டோ கள்ளோ சேர்த்த ஆப்ப மாவை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. மாமல்லபுரம், கோவளம் பக்கத்து விடுதிச் சமையலறைகளில் மிஞ்சும் மாவை வேகவைத்துவிட்டோ மூடிய தொட்டியிலோ போடுவது பெரிய வேலை இல்லை.

பீர் காய்ச்சும் கருவிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஹாப்ஸ் பூவோ அதன் உருண்டைகளோ நாய்க்கு உடல் சூட்டைக் கட்டுக்கடங்காமல் ஏற்றும். 1997இல் அமெரிக்க விலங்கு மருத்துவ இதழொன்றில் ஐந்து நாய்களைப் பற்றி இது பதிவாயிற்று. கிரேஹவுண்டு வகைக்கு ஆபத்து அதிகம். சிப்பிப்பாறையும் கன்னியும் அதே ஒல்லி உடல்வாகுள்ள வேட்டை நாய்கள் என்பதை அவற்றை வளர்ப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். காய்ச்சிய பிறகு வடிகட்டிப் போடும் ஹாப்ஸும் இதே வேலையைச் செய்யும்.

"நாய் குடிச்சும் நல்லாத்தான் இருக்கு, அப்ப சரக்கு நல்ல சரக்குதான்" என்ற பேச்சு, நாயைத் தாண்டி மனிதரையும் கொல்லக்கூடியது. 2023 மே மாதம் செங்கல்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர் பக்கத்திலும் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலி வாங்கியது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல். மெத்தனால் மனித உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறித் தேங்கி, கண்ணைப் பறித்து ரத்தத்தை அமிலமாக்குகிறது. நாயின் உடல் அந்த அமிலத்தை நம்மைவிட வேகமாகக் கழித்துவிடும். அதனால் மெத்தனால் குடித்த நாய் வெறும் போதையில் கிடப்பதுபோல் தெரியலாம். அதே சரக்கைக் குடித்த மனிதர் மறுநாள் பார்வையிழப்பார். திராட்சையில் நாம் தப்பிக்கிறோம், நாய் சாகிறது. மெத்தனாலில் அப்படியே தலைகீழ். ஓர் உடலை வைத்து இன்னோர் உடலைச் சோதிக்க முடியாது.

கடைசியாக, "தின்னுட்டா உப்புத் தண்ணி ஊத்துங்க, எல்லாம் வெளியே வந்துடும்." தயவுசெய்து ஊற்றாதீர்கள். 10 கிலோ நாய்க்கு 20 கிராம் உப்பே நரம்பைப் பாதிக்கத் தொடங்கும். 40 கிராம் உயிரை எடுக்கும். தள்ளாடும் நாயின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போகலாம். தயிர், எலுமிச்சை, நல்லெண்ணெய் எதுவும் திராட்சையையோ சாராயத்தையோ முறிக்காது. தின்று அதிக நேரம் ஆகாமல் இருந்தால் பாதுகாப்பாக வாந்தி எடுக்க வைக்க மருத்துவரிடம் மருந்து இருக்கிறது. திராட்சைக்கும் புளிக்கும் இரண்டு மூன்று நாள் நரம்பு வழியே திரவம் ஏற்றிச் சிறுநீரகத்தைக் காக்க வேண்டும். மாமல்லபுரத்திலிருந்து வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 60 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கிறது. உப்பைக் கரைத்துக்கொண்டிருக்கும் அரை மணி நேரத்தில் பாதித் தூரம் போய்விடலாம். கிளம்பும்போதே பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போன் செய்யுங்கள்.

அங்கே போனதும் என்ன நடக்கிறது என்பதுதான் என்னை மிகவும் வாட்டுவது. "என்ன சாப்பிட்டுச்சு?" என்று மருத்துவர் கேட்பார். "தெரியலை சார்" என்று சொல்லிவிடுவார்கள். தெரியும். 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். கள்ளக்குறிச்சிக்குப் பிறகு தண்டனையும் கடுமையாகியிருக்கிறது. அந்தப் பயத்தில் ஜாடியைப் பற்றி வாய் திறப்பதில்லை. மருத்துவருக்குத் தேவை மூன்றே செய்தி: பொருள் எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு. ஜாடி யாருடையது, யார் வடித்தார்கள் என்பது சிகிச்சைக்கு வேண்டாம். "திராட்சைச் சக்கை, இரண்டு கைப்பிடி இருக்கும், எட்டு மணிக்கு" என்றாலே போதும். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் அவர் பார்வோ கிருமியா, எலி மருந்தா என்று தேடத் தொடங்குவார். சிறுநீரகத்தைக் காப்பாற்றக் கிடைத்த நேரம் அந்தத் தேடலிலேயே போய்விடும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை சிறியவைதான். சக்கையை இரட்டைப் பையில் கட்டி மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடலாம். ஆழமில்லாமல் மண்ணில் புதைத்தால் நாய் தோண்டிவிடும். வீட்டுக்கு வெளியே இருப்பதுதான் பெரிய குவியல். கோடையில் கடற்கரைச் சாலை நெடுக ஜூஸ் கடைகள் திராட்சைச் சக்கையை வாளி வாளியாகச் சாலையோரம் கொட்டுகின்றன. மாலைக்குள் அது வெயிலில் புளித்துவிடும், சுற்றிலும் தெரு நாய்கள் கூடிவிடும். கடைக்கு ஒரு மூடித் தொட்டி வைக்கச் சொல்வதும், மாலையில் அதை எடுத்துப் போவதும் உள்ளாட்சி அமைப்புகள் இந்தக் கோடையிலேயே செய்யக்கூடியவை.