சண்டையா, விளையாட்டா?

எம்.எம்.ஏ. என்று சொன்னாலே நம்மில் பெரியவர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். கலப்பு தற்காப்புக் கலை என்று தமிழில் சொன்னாலும் சுளிப்பு குறைவதில்லை. குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, தாய்லாந்தின் முவே தாய், பிரேசிலின் ஜியு-ஜிட்சு ஆகியவற்றைச் சேர்த்து, நின்றும் தரையில் விழுந்தும் ஆடும் ஆட்டம் இது. "இதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று கேட்பவர்களுக்கும், "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று பதில் சொல்லும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நான் கையுறை மாட்டியவன் அல்ல. இரயில்வேயில் சிக்னல் பிரிவில் டிப்ளமா இன்ஜினீயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஆபத்தான ஒரு காரியத்தை விதிகளைக் கொண்டு எப்படிப் பத்திரமாக நடத்துவது என்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. அந்த அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவர்களின் சந்தேகம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் யு.எஃப்.சி. என்ற முதல் போட்டி நடந்தபோது எடைப் பிரிவு கிடையாது. கடிக்கக் கூடாது, கண்ணைக் குத்தக் கூடாது என்பது போன்ற சில தடைகள்தான் இருந்தன. ஜான் மெக்கெய்ன் என்ற செனட்டர் இதை மனிதர்களை வைத்து நடத்தும் சேவல் சண்டை என்று கண்டித்தார். பல மாகாணங்கள் தடை விதித்தன. நியூயார்க் மாகாணம் 1997இல் விதித்த தடையை 2016இல்தான் நீக்கியது. ஆக, எதிர்த்தவர்கள் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் எதிர்த்ததால்தான் ஆட்டம் திருந்தியது.

எப்படித் திருந்தியது? 2001இல் நியூ ஜெர்சி மாகாணத்தின் விளையாட்டுக் கட்டுப்பாட்டு வாரியம் முன்னின்று ஒரு பொது விதித் தொகுப்பை உருவாக்கியது. எடைப் பிரிவுகள் வந்தன. ஐந்து நிமிடச் சுற்றுகள் மூன்று, பட்டத்துக்கான ஆட்டம் என்றால் ஐந்து என்று வரையறுத்தார்கள். தலையால் முட்டுவது, பின்னந்தலையிலும் முதுகெலும்பிலும் தாக்குவது, விழுந்து கிடப்பவரின் தலையில் உதைப்பது எல்லாம் குற்றமாயின. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் டாக்டர் பரிசோதனை கட்டாயமாயிற்று.

இரயில்வேயில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. விதிப் புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எங்கோ நடந்த ஒரு விபத்து இருக்கிறது. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வரக்கூடும் என்பதற்காக யாரும் ரயிலை நிறுத்திவிடவில்லை. டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது என்று விதி செய்தார்கள். இந்த விளையாட்டிலும் அப்படியே. 2015 டிசம்பரில், எடையைக் குறைப்பதற்காக உடம்பின் நீரை வற்றவைத்த ஒரு சீன வீரர், மணிலாவில் போட்டிக்கு முன்பே இறந்துபோனார். அதன் பிறகுதான் ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் அப்படி நீரை வற்றவைத்து எடை குறைப்பதைத் தடை செய்தது. உயிர் போன பிறகு விதி வருவது வருத்தத்துக்குரியது. விதியே வராமல் இருப்பது அதைவிட மோசம்.

ரயில் பெட்டியில் அபாயச் சங்கிலி இருப்பதை அறிவீர்கள். எந்தப் பயணியும் இழுக்கலாம். இந்த ஆட்டத்திலும் அப்படி ஒன்று உண்டு. பிடியில் சிக்கியவர் எதிராளியின் மீதோ தரையிலோ கையால் தட்டினால் போதும், அந்தக் கணமே நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். சேவலுக்கு அந்த உரிமை இல்லை. சங்கராந்தி சமயத்தில் கோதாவரி மாவட்டங்களில் காலில் கத்தி கட்டி விடப்படும் சேவல், தானாக விரும்பியும் வரவில்லை, போதும் என்று சொல்லவும் வழியில்லை.

குத்துச்சண்டையை ஏற்றுக்கொள்பவர்கள்கூட இதை ஏற்பதில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக மருத்துவர்கள், பத்தாண்டுகளில் தங்கள் நகரில் ஆடிய வீரர்களின் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். ஆட்டத்தில் ஏதேனும் காயம் அடைந்தவர்கள் எம்.எம்.ஏ.யில் 59.4 சதவீதம், குத்துச்சண்டையில் 49.8 சதவீதம். ஆனால் நினைவிழந்தவர்கள் எம்.எம்.ஏ.யில் 4.2 சதவீதம், குத்துச்சண்டையில் 7.1 சதவீதம். அதாவது சிராய்ப்பும் சுளுக்கும் இதில் அதிகம், தலைக்கு வரும் பெரிய அடி அதில் அதிகம். இதைக் கொண்டு எம்.எம்.ஏ. ஆபத்தில்லாதது என்று சொல்ல நான் வரவில்லை. நூற்றுக்கு நான்கு பேர் நினைவிழப்பது சின்ன விஷயம் அல்ல. ஒன்றை ஒலிம்பிக் விளையாட்டு என்று கைதட்டி, மற்றொன்றைக் காட்டுமிராண்டித்தனம் என்று தள்ளுவதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை என்பதே என் கட்சி.

நம் மண்ணுக்கு இது அந்நியம் என்பதும் பொருந்தாது. கம்சன் சபையில் கண்ணனையும் பலராமனையும் எதிர்த்து நின்ற மல்லர்கள் சாணூரனும் முஷ்டிகனும். முஷ்டி என்றால் மூடிய கை. பிடியும் குத்தும் ஒரே களத்தில் இறங்கிய கதையைத்தான் நாம் பாகவத சப்தாகத்தில் உட்கார்ந்து பக்தியோடு கேட்கிறோம். காஞ்சியை ஆண்ட முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்று பெயர். பெரிய மல்லன் என்பது அதன் பொருள். அவன் பெயரில்தான் மாமல்லபுரம் இருக்கிறது. இன்றும் சங்கராந்தியை ஒட்டித் திருப்பதிக்குப் பக்கத்தில் ரங்கம்பேட்டையில் மாடுகளின் கொம்பில் கட்டிய பலகையைப் பறிக்க வாலிபர்கள் பாய்கிறார்கள். அவர்கள் தலையில் கவசம் இல்லை, நிறுத்தச் சொல்ல நடுவரும் இல்லை. அதைப் பாரம்பரியம் என்று பெருமையோடு பார்க்கச் சித்தூரிலிருந்து வண்டி பிடித்துப் போகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

நம் நாட்டுப் பெண்கள் இதில் பெயர் வாங்கியிருக்கிறார்கள். மல்யுத்தக் குடும்பத்தில் பிறந்த ரிது போகாட் 2019இல் இந்த ஆட்டத்துக்கு வந்தார். உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த பூஜா தோமர், 2024 ஜூனில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் வென்று, யு.எஃப்.சி.யில் வெற்றி பெற்ற முதல் இந்தியர் ஆனார். 2026 நகோயா ஆசிய விளையாட்டிலும் இந்த ஆட்டத்தைச் சேர்ப்பதென்று முடிவாயிற்று.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் திருப்பதியில் இதைப் பழகுகிறார்கள். சிலர் வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறார்கள், சிலர் கம்ப்யூட்டர் வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு உண்மையில் பயம் தருவது இந்த இரண்டாவது வகைதான். வீட்டுக்குத் தெரியாமல் பழகுகிறவன் அடிபட்டால் அதையும் மறைக்கிறான். தலைசுற்றல் இருந்தாலும் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தேன் என்கிறான். டாக்டரிடம் போவதில்லை, மறுநாளே மறுபடி களத்தில் இறங்குகிறான். 2022 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஒரு கிக்பாக்சிங் போட்டியில் அடிபட்டு 23 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். அங்கே போதிய மருத்துவ ஏற்பாடு இல்லை என்று குடும்பத்தார் புகார் செய்தனர். ஆட்டத்தின் பெயர் எதுவாக இருந்தாலும், ஏற்பாடு இல்லாத இடம் ஆபத்தான இடம்தான்.

பிள்ளைகளுக்குச் சொல்லுகிறேன்: பெரியவர்களைச் சம்மதிக்கவைக்க வேண்டுமானால் போனில் ரத்தக் காட்சிகளைக் காட்டாதீர்கள். அப்பாவையோ பெரியப்பாவையோ ஒரு மாலை பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போங்கள். விழக் கற்றுக்கொடுப்பதையும், பயிற்சியாளரை வணங்கிவிட்டுத் தொடங்குவதையும், எதிராளி தட்டியவுடன் பிடியை விடுவதையும் அவர் கண்ணால் பார்க்கட்டும். கேள்வி கேட்டால் கோபிக்காதீர்கள். இதில் ஆபத்தே இல்லை, நாளைக்கே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உத்தியோகம் கிடைக்கும் என்றெல்லாம் சொல்லி ஏமாற்றவும் வேண்டாம். ஒரு பொய் வெளிப்பட்டால் நீங்கள் சொன்ன ஒன்பது உண்மையும் போய்விடும்.

பெற்றோருக்குச் சொல்லுகிறேன்: கூடாது என்பதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். பயிற்சியாளர் யாரிடம் பழகியவர்? போட்டி நாளில் டாக்டரும் ஆம்புலன்சும் இருக்குமா? பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தலையில் அடிப்பதைத் தடுக்கிறார்களா? தலையில் அடிபட்டவரை எத்தனை நாள் ஆட்டத்திலிருந்து நிறுத்திவைக்கிறார்கள்? சரியான பதில் வந்தால் அனுமதியுங்கள். வராவிட்டால் உறுதியாக மறுத்துவிடுங்கள், அதற்குப் பிள்ளையும் எதிர்த்துப் பேச முடியாது. இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்த பெற்றோர் பத்துப் பேர் இருந்தால், ஊரில் உள்ள ஒவ்வொரு பயிற்சிக் கூடமும் தன்னால் திருந்தும்.

சிலம்பத்தையும் ஒரு காலத்தில் அடிதடிக்காரர்களின் வித்தை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. கம்பு மாறவில்லை, அதைச் சுற்றி விதியும் ஒழுங்கும் வந்தன. வாலிப ரத்தம் எங்காவது முட்டி மோதத்தான் செய்யும். தெருமுனையில், நடுவரும் டாக்டரும் இல்லாமல் மோதுவதைக் காட்டிலும், பெற்றவர்கள் பார்த்திருக்க, தட்டினால் நிற்கும் களத்தில் மோதுவது மேல்.