கேத்தலிற் படியும் கல்

இல்லத்தில் மனிதருடைய பொறுமையைச் சோதிப்பவை பெருந் துன்பங்கள் அல்ல, சின்னஞ்சிறு தொல்லைகளே. பெருந் துன்பம் வந்துற்றால் அயலவர் வருவர். உறவினர் ஆறுதல் கூறுவர். புதிதாக வாங்கிய கேத்தலின் அடியிலே வெள்ளைக் கல் படிந்துவிட்டது என்றோ, தலைக்குத் தேய்த்த சவர்க்காரம் நுரைக்கவில்லை என்றோ, இரண்டு மணி நேரமாக அடுப்பிலிருக்கும் கடலை இன்னும் வேகவில்லை என்றோ முறையிட்டால், ஆறுதல் கூற எவரும் வாரார். ஆதலின், இவ்வாரம் அத்தகைய தொல்லைகளையே நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் இல்லத்தரசிகளுக்கு இவை புதியன அல்ல. தேநீரின் மேலே மெல்லிய ஆடை மிதக்கும். எவர்சில்வர்க் குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால், காய்ந்தபின் வெண்புள்ளிகள் தோன்றும். குளியலறைப் பூவாளியின் துளைகள் ஒவ்வொன்றாக அடைபடும். குற்றம் கேத்தலில் என்று கடைக்காரரோடு வழக்காடுவோர் உண்டு. சவர்க்காரத்தில் என்று மாதந்தோறும் வேறு சவர்க்காரம் வாங்குவோரும் உண்டு. உண்மை யாதெனில், இவை யாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அத்தாய் நம் கிணற்று நீர்.

நம் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. மழைநீர் ஆகாயத்திலிருந்து விழும்போது மென்னீராகவே விழுகின்றது. ஆயினும் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டு அதிற் கரைகின்றது. அதனால் அது மிக மெல்லிய அமிலமாகி, கீழேயுள்ள சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு கிணற்றை அடைகின்றது. இதனையே வன்னீர் என்கின்றோம். இந்நீரைக் கொதிக்க வைத்தால் காபனீரொட்சைட்டு வெளியேறும். கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிப் படியும். எனவே, கேத்தலின் அடியிலே நாம் காணும் கல் வேறெங்கிருந்தோ வந்ததன்று. நம் வளவுக்குக் கீழே கிடந்த கல்லே, நீராக உருமாறிக் குசினிக்குள் வந்து, மறுபடியும் கல்லாயிற்று. இரசாயனம் பயிலும் மாணவர் பாடநூலிலே மனனஞ் செய்யும் தற்காலிக வன்மை என்பதன் விளக்கம் இதுவே.

நோய் அறிந்தபின் மருந்து எளிது. படிந்த கல்லைக் கத்தியினாலும் இரும்பு நாரினாலும் சுரண்டுவது கேத்தலையே பழுதாக்கும். சுண்ணாம்பு அமிலத்திற் கரையும் என்ற ஒன்றை நினைவிற் கொள்க. வினாகிரியும் நீரும் சம அளவாகக் கலந்து, கல் மூழ்குமளவு ஊற்றி, ஒருமுறை சூடாக்கி, ஒரு மணி நேரம் விட்டுவிடுக. வினாகிரி இல்லாதவர் இரண்டு மூன்று தேசிக்காய்களைப் பிழிந்து பயன்படுத்தலாம். சிறு குமிழ்கள் எழுவதைக் காண்பீர்கள். கல் கரைகின்றது என்பதற்கு அதுவே சாட்சி. பின்பு நன்கு கழுவி, ஒருமுறை வெறும் நீரைக் கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டால் புளிப்பு மணம் நீங்கும். மின்கேத்தலுக்கு மாதம் ஒருமுறை இதனைச் செய்வது நன்று. கற்படை தடிக்குமளவுக்கு நீர் சூடேறுதல் தாமதமாகும். வெப்பச் சுருளும் விரைவிற் கெடும். அடைபட்ட பூவாளியைக் கழற்றி இரவு முழுவதும் வினாகிரியில் ஊறவைத்தால் துளைகள் திறந்துகொள்ளும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. வினாகிரியையும் வெளிற்றும் தூளையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்கலாகாது. இரண்டும் துப்புரவுப் பொருள்கள்தாமே, சேர்ந்தால் இரட்டிப்புப் பயன் தருமே என்று எண்ணிக் குளியலறையிலே கலப்போர் உளர். கலந்தவுடன் குளோரீன் வாயு வெளிவரும். கதவடைத்த சிறிய அறையிலே அது மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். உயிருக்கே இடர் செய்தலும் கூடும்.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். கடலையும் பருப்பும் வன்னீரில் எளிதில் வேகா. நீரிலுள்ள கல்சியம் அவற்றின் தோலையும் சுவரையும் இறுக்கிவிடுவதே காரணம். கடலையை முதல்நாள் இரவே மழைநீரில் ஊறவைத்து, மழைநீரிலேயே அவிக்கலாம். மழைநீர் இல்லையேல் கொதித்தாறித் தெளிந்த நீரை அடியிலுள்ள படிவு கலங்காமல் இறுத்துப் பயன்படுத்தலாம். அப்பச்சோடா ஒரு சிட்டிகை இட்டாலும் வேகும். மிகுந்தால் சுவை கெடும். புளியைப் பருப்பு வெந்தபின்னரே சேர்க்க வேண்டும். முன்னரே சேர்த்தால் அது வேகத் தாமதிக்கும். இதனை நம் பாட்டிமார் எந்தப் பரிசோதனைச் சாலையிலும் கற்கவில்லை, கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

மழைநீர் என்றதும், அது வீட்டுக்கு வீடு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பவர் உண்டு. கணக்கு மிக எளிது. ஒரு சதுர மீற்றர்க் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். 50 சதுர மீற்றர்க் கூரையில் 20 மில்லிமீற்றர் பெய்தால் 1,000 லீற்றர். நமக்கு வேண்டிய மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயே பெய்துவிடுகின்றது. முதல் மழையைக் கூரை கழுவுவதற்கு விட்டுவிட்டு, அடுத்த மழையை மூடியுள்ள தாங்கியிலே சேர்த்துக்கொள்க. மூடி இன்றியமையாதது. திறந்த தாங்கி நுளம்புக்குத் தொட்டில்.

வன்னீர் குடிப்பதனால் சிறுநீரகத்திலே கல் விளையும் என்று அஞ்சுவோர் பலர். கேத்தலிலே கல் படிவதைக் கண்ட கண்ணுக்கு அவ்வச்சம் இயல்பே. ஆனால் உடம்பு கேத்தல் அன்று. நீரின் வன்மையினால் மட்டும் உடலுக்குக் கேடு விளையும் என்பது நிறுவப்படவில்லை. சிறுநீரகக் கல்லுக்குரிய பெருங் காரணங்களுள் ஒன்று போதிய நீர் அருந்தாமை. கல்லுக்குப் பயந்து நீரைக் குறைப்பவர், தாம் அஞ்சியதையே அழைத்துக்கொள்கின்றார்.

அஞ்சவேண்டியது வேறொன்று. அது கேத்தலிலே படியாது, நுரையிலே தெரியாது, நாவிற்கும் புலப்படாது. அதுவே நைத்திரேற்று. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு அளவுக்கு மிஞ்சி இடும் உரத்திலிருந்தும், மலசலகூடக் குழிகளிலிருந்தும், மாட்டுக் கொட்டில்களிலிருந்தும் அது புறப்படுகின்றது. நம் செம்மண் படை பல இடங்களில் மெல்லியது; அதன் கீழுள்ள சுண்ணாம்புக்கல்லோ வெடிப்பும் துளையும் நிறைந்தது. மேலே இட்டது கீழே இறங்க அதிக நாள் வேண்டா. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வளர்ந்தவர் தாங்கிக்கொள்வதை ஆறு மாதத்துக்குட்பட்ட சிசு தாங்காது. அத்தகைய நீரிலே பால்மாக் கரைத்து ஊட்டினால், குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம்.

இவ்விடத்திலே தாய்மார் ஒன்றை மனத்திற் பதிக்க வேண்டும். கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகும் என்ற நம் நெடுநாள் நம்பிக்கை கிருமிகளின் விஷயத்திற்கே பொருந்தும். நைத்திரேற்று கொதியினால் நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. சாதாரண மண் வடிகட்டியும் அதனைத் தடுக்காது. எதிர்ச் சவ்வூடுபரவல் முறையிலே இயங்கும் கருவிகள் அதனைக் குறைக்கும். ஆனால் அவை ஒரு பங்கு நன்னீர் தருவதற்குப் பெரும்பாலும் அதே அளவோ அதற்கு மேலோ கழிவுநீரை வெளிவிடும். அந்நீரை வீணே ஓடவிடாது, நிலம் கழுவப் பயன்படுத்துக. எந்தக் கருவியையும் வாங்குமுன் நீரைச் சோதித்தறிவதே முறை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தை நாடலாம். வழி தெரியாதவர் தம் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்கலாம். சிசுவுள்ள வீட்டில் இது பிள்ளைக்குத் தொட்டில் வாங்குவதற்கு முன்னரே செய்யவேண்டிய கருமம்.

புது வீடு கட்டுவோர்க்கும் ஒரு சொல். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடியாவது இருத்தல் வேண்டும் என்பது பொதுவாகக் கூறப்படும் அளவு. நம் வெடிப்புக் கல் நிலத்திலே அதுவும் போதாமற் போகலாம். காணியைப் பங்கிட்டுப் பங்கிட்டு ஒரு பரப்பிலும் குறைந்த துண்டிலே வீடு கட்டும் இக்காலத்தில், நம் குழி நம் கிணற்றிலிருந்து தூரமாயிருந்தாற் போதாது. அயலவர் கிணற்றிலிருந்தும் தூரமாயிருத்தல் வேண்டும். மதில் எழுப்பி நிலத்தைப் பிரிக்கலாம். நிலத்தடி நீரைப் பிரிக்க எந்த மதிலாலும் இயலாது. சுன்னாகத்துக் கிணறுகளிலே எண்ணெய் கலந்ததென 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எழுந்த முறைப்பாடு இப்பாடத்தைக் குடாநாடு முழுவதற்கும் கற்பித்தது.

இனி, நீரின் அளவைப் பற்றிச் சிறிது கூறுவோம். நமக்கு வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மழையாக இறங்கிய நன்னீர், கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின் மேலே, கனமின்மையால் மிதந்துகொண்டிருக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நிற்குமாயின், அதன் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. இதன் மறுபுறத்தையும் எண்ணிப் பாருங்கள். மேலே ஓரடி இறைத்துக் குறைத்தால், காலப்போக்கிற் கீழிருந்து நாற்பதடி உவர் ஏறிவரும். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்திலே மனிதன் களைத்தபோது கிணறும் இளைப்பாறியது. மின்பம்பி களைப்பதில்லை. தாங்கி நிரம்பி வழிந்து முற்றம் வெள்ளமான பின்னரே, "மோட்டரை நிற்பாட்டவில்லையா?" என்ற குரல் எழுகின்றது. இது அற்பத் தொல்லையாகத் தோன்றலாம். வழிந்தோடியது மின்கட்டணம் மட்டுமன்று. தாங்கியிலே மிதவை ஆளி ஒன்று பொருத்துவது பெருஞ் செலவன்று. காலையிலும் மாலையிலுமாகச் சிறிது சிறிதாக இறைப்பது, ஒரே மூச்சில் இறைப்பதிலும் நன்று. நீர் குறைந்துவிட்டதென்று கிணற்றை மேலும் மேலும் ஆழமாக்குவது, உவருக்கு வாசல் திறப்பதாக முடியலாம். தோட்டத்துக்கு உச்சி வெயிலில் நீர் பாய்ச்சுவதை விடுக. பாதி வெயிலுக்கே போய்விடும். கூரை நீரில் மிஞ்சியதைத் தெருவுக்கு விடாது, வளவிலேயே ஒரு குழி வெட்டி நிலத்துள் இறக்குக. ஊர்க் குளங்களையும் கேணிகளையும் நம் முன்னோர் அழகுக்காக வெட்டவில்லை. அவற்றைக் குப்பையால் நிரப்புகின்றவர், தம் கிணற்றின் ஊற்றையே அடைக்கின்றார்.

2024 ஆம் ஆண்டிலே தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய்நீர் வந்துசேரும் வீடுகளுக்கு அது பெரும் உதவியே. ஆயினும், குழாய் வந்துவிட்டதென்று கிணற்றைக் கைவிடுவது, பிள்ளை உழைக்கத் தொடங்கியதும் தாயைக் கைவிடுவது போலாகும். பராமரிப்பற்ற கிணறு நுளம்பு வளரும் பள்ளமாகும். இலங்கை மலேரியா அற்ற நாடென 2016 செப்டெம்பரிற் சான்று பெற்றது. அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே, கிணற்றிலும் பெருகவல்ல புதிய மலேரியா நுளம்பினம் ஒன்று மன்னாரிலே கண்டறியப்பட்டது. வலையிட்டு மூடுதலும், நுளம்புப் புழுவைத் தின்னும் சிறு மீன்களை விடுதலும் எளிய காவல்கள். வெள்ளத்தின் பின் கிணற்றை இறைத்து வெளிற்றும் தூள் இடும்போது கைக்கணக்கில் அள்ளி வீசுதல் தகாது. கிணற்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் அளந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கூறினால், இடவேண்டிய அளவை அவர் கூறுவார்.

முடிவாக, மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சிட்டு, நுனியிலே சிறு கல்லைக் கட்டி, பெரியவர் ஒருவர் துணைநிற்க, மாதந்தோறும் முதல் ஞாயிறன்று காலையில் இறைக்குமுன் உங்கள் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து ஒரு கொப்பியிலே எழுதுங்கள். கிணற்றுக்கட்டிலிருந்து நீர் எத்தனை முடிச்சு ஆழத்தில் உள்ளது, மழை பெய்ததா, நீரில் உவர்ச்சுவை தோன்றுகின்றதா என்ற மூன்றே குறிப்புகள் போதும். ஓராண்டு எழுதினால், உங்கள் கிணறு எப்போது நிறைகின்றது, எப்போது வாடுகின்றது என்பது உங்கள் வீட்டிலே எவருக்கும் தெரியாத அளவு உங்களுக்குத் தெரியும். அதன்பின் மோட்டரை எப்போது நிறுத்தவேண்டும் என்று தந்தையாருக்கு நீங்களே கூறலாம்.