கொடுக்கும் கையும் கணக்குப் போடும் மனமும்



தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு. திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றபோது ஒரு தாய் தயங்கியபடி கேட்டார்: "சாமி, ஓட்டுக்குப் பணம் வாங்கிட்டேன். பிள்ளை தலையில கைவச்சு சத்தியமும் பண்ணிட்டேன். வேற ஆளுக்குப் போட்டா பாவமா?"

இக்கேள்வி அவருடையது மட்டுமல்ல. 2009 சனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பின் 'திருமங்கலம் பார்முலா' என்ற சொல்லே பிறந்தது. பணப் பட்டுவாடா காரணமாக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரிலும் தேர்தல் ஆணையம் தேர்தலை நிறுத்தியது. 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ரத்தானது. வாக்குக்குப் பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

இப்படிப்பட்ட கொடையைத் திருவிவிலியத்தின் ஞான நூல்கள் நன்கு அறிந்திருக்கின்றன. நீதிமொழிகள் 23-ஆம் அதிகாரம் தன்னலக்காரரின் விருந்தைப் பற்றி எச்சரிக்கிறது. அவர் வாய் உபசரிக்கும். உள்ளமோ ஒவ்வொரு கவளத்தையும் எண்ணிக்கொண்டிருக்கும். உண்டதைக் கக்கும் நிலை நமக்கு வரும். சீராக்கின் ஞானம் 20-ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அறிவற்றவர் ஒன்று கொடுத்துப் பலமடங்கு எதிர்பார்ப்பார். கொடுத்தது கொஞ்சம், குத்திக்காட்டுவது அதிகம். எலிப்பொறியில் கருவாடு வைப்பவர் எலிக்கு விருந்து வைக்கவில்லை.

கணக்கும் பார்ப்போம். ஓர் ஓட்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டுகளுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு ரூபாய் பத்துக் காசு. அதற்கு நாம் விற்பது கேள்வி கேட்கும் உரிமையை. சாலை சரியில்லை, குடிநீர் வரவில்லை என்று போய் நின்றால், "அதான் வாங்கிட்டீங்களே" என்ற பதில் காத்திருக்கும்.

இதை ஏழைகளை நோக்கி மட்டும் நான் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில், தேர்தல் நெருங்கிய நேரத்தில், செல்வாக்குள்ள ஒருவர் ஆலய மண்டபத்துக்குக் கூரை போட்டுத் தந்தார். நன்றி சொல்லிக் கல்வெட்டும் வைத்தோம். அடுத்த ஆண்டு அவருடைய ஆட்கள் ஊர் ஓடையில் மணல் அள்ளினார்கள். மக்கள் மனுவோடு என்னிடம் வந்தார்கள். நான் கையெழுத்திடத் தயங்கினேன். அந்தக் கூரையின் கீழ்தான் கூட்டம் நடந்தது. நீதிமொழிகள் சொல்லும் விருந்தின் கசப்பை அன்று உணர்ந்தேன்.

அப்படியானால் எல்லாக் கொடையையும் சந்தேகிக்க வேண்டுமா? இல்லை. திருப்பிச் செய்ய இயலாதவர்களை விருந்துக்கு அழைக்கச் சொன்னவர் இயேசு (லூக்கா 14:12-14). இதுவே உரைகல். என்னால் திருப்பிச் செய்ய முடியாத நாளிலும் இவர் கொடுப்பாரா? தேர்தல் இல்லாத ஆண்டில் இவர் நம் தெருவுக்கு வந்தாரா? கொடுத்தபின் நம்மைச் சுதந்திரமாக விடுகிறாரா? இக்கேள்விகளுக்கு 'இல்லை' என்றால், அது கொடை அல்ல, கடன்.

அந்தத் தாய்க்கு நான் சொன்னது இதுதான்: "அம்மா, தவறு செய்வதாகப் பண்ணிய சத்தியம் உங்களைக் கட்டாது. ஏரோது தன் ஆணையைக் காப்பாற்றப்போய்த்தான் திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டினான். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள். பணம் வாங்கியதற்காக மனம் வருந்துங்கள். மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள். அடுத்தமுறை அந்தக் கவரைத் தொடாதீர்கள்."

அடுத்த கவர் வரும்போது, கதவைத் திறக்கும் முன் ஒரு நொடி செபிப்போம். மறுக்கும் துணிவை இறைவன் தருவார்.