வாயைப் பூட்டியதற்கு வீரப் பதக்கம்!

அமெரிக்க முதலாளிகளின் நிர்வாகப் பள்ளிகளில் ஒரு போர்க்கைதியின் கதை பாடமாக ஓதப்பட்டு வருகிறது. 2001-ம் ஆண்டில் ஜிம் காலின்ஸ் என்ற நிர்வாக ஆலோசகர் எழுதிய ஒரு நூல் அந்தக் கதைக்கு "ஸ்டாக்டேல் முரண்" என்று நாமகரணம் சூட்டியது. நூல் லட்சக்கணக்கில் விற்றது. நிலைமை எவ்வளவு மோசமானாலும் அதை நேருக்கு நேர் பார்க்க வேண்டும், ஆனால் முடிவில் நமக்கே ஜெயம் என்ற நம்பிக்கையை விடக்கூடாது - இதுதான் உபதேசம். ஆட்குறைப்புக்கு ஆளாகப் போகிறவனுக்குச் சொல்ல இதைவிட வசதியான உபதேசம் முதலாளிக்கு வேறு கிடைக்குமா?

உபதேசம் கிடக்கட்டும். இந்த ஸ்டாக்டேல் யார்? எந்தப் பாடத்தை அவர் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொண்டு, எந்தப் பாடத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டார்கள்? இதை நாம் பேசியாக வேண்டியிருக்கிறது.

ஜேம்ஸ் ஸ்டாக்டேல் அமெரிக்கக் கடற்படையின் போர் விமானி. 1965 செப்டம்பர் 9 அன்று வட வியத்நாமின் மீது பறந்து கொண்டிருந்தபோது சுட்டு வீழ்த்தப்பட்டார். பாராசூட்டில் இறங்கினார், பிடிபட்டார். ஹனாயிலுள்ள ஹோவா லோ சிறையில் ஏழரை ஆண்டுகள் கைதியாக இருந்தார். அதில் நான்கு ஆண்டுகள் தனிமைக் கொட்டடி, இரண்டு ஆண்டுகள் காலில் விலங்கு. 1973 பிப்ரவரி 12 அன்று விடுதலையானார். 1976 மார்ச் 4 அன்று ஜனாதிபதி போர்டு அவர் கழுத்தில் அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான "மெடல் ஆப் ஹானர்" பதக்கத்தை அணிவித்தார். அதோடு சேர்த்து அவர் பெற்ற போர்க்கள விருதுகள் 26. நான்கு சில்வர் ஸ்டார், இரண்டு பறப்புச் சிலுவை, காயத்துக்காக இரண்டு பர்ப்பிள் ஹார்ட் எல்லாம் அதில் அடக்கம்.

அந்த மனிதனின் நெஞ்சுரத்தை நாம் மறுக்கவில்லை. தன்னைப் படம் பிடித்துப் பிரசாரத்துக்குப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காகத் தன் தலையையும் முகத்தையும் தானே சிதைத்துக்கொண்டவர் அவர். 1969 செப்டம்பரில், சக கைதிகளைக் காட்டிக்கொடுக்க நேருமோ என்ற அச்சத்தில், தன் உடலைத் தானே வெட்டிக்கொண்டு சாகத் துணிந்தார். பதக்கத்தின் சான்றுரை இதைத்தான் சொல்கிறது. சிறையில் சித்திரவதை நடந்தது என்று திரும்பி வந்த விமானிகள் பலரும் சொன்னார்கள். வியத்நாம் அரசு மறுத்தது. கைதியை வதைப்பது யார் செய்தாலும் கொடுமைதான். அதற்கு வக்காலத்து வாங்க நாம் இங்கே வரவில்லை. நம்முடைய கேள்வி வேறு.

அந்தச் சிறையில் அவர் தன் மனத்துக்குள் பூட்டி வைத்திருந்த மிகப் பெரிய ரகசியம் எது?

பதில் 1964 ஆகஸ்ட் 4 இரவில் இருக்கிறது. வியத்நாமின் கிழக்கே டோங்கின் வளைகுடாவில் மடாக்ஸ், டர்னர் ஜாய் என்ற இரண்டு அமெரிக்க நாசகாரிக் கப்பல்கள் உலவிக்கொண்டிருந்தன. இரண்டு நாள் முன்பு, ஆகஸ்ட் 2 அன்று, வட வியத்நாமின் மூன்று டார்பிடோப் படகுகள் மடாக்ஸை நெருங்கி மோதியது உண்மை. ஆனால் அதற்கு முன்பே, ஜூலை இறுதியில், அமெரிக்காவின் ஏற்பாட்டில் தென் வியத்நாம் கமாண்டோக்கள் வடக்கின் தீவுகளைத் தாக்கியிருந்தார்கள் என்பதும் உண்மை. அதை மட்டும் அமெரிக்க ஜனங்களிடம் சொல்லவில்லை. திருடன் வீட்டுக்குள் புகுந்ததை மறைத்துவிட்டு, வீட்டுக்காரன் கம்பை ஓங்கினான் என்று ஊரைக் கூட்டினார்கள்!

ஆகஸ்ட் 4 இரவு மறுபடியும் தாக்குதல் நடந்ததாகக் கப்பல்களிலிருந்து தந்தி பறந்தது. டிகாண்டரோகா என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பி, அந்த இரண்டு கப்பல்களுக்கும் மேலே இருட்டில் தாழப் பறந்து படகுகளைத் தேடியவர் யார் தெரியுமா? இதே ஸ்டாக்டேல்! ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தேடினார். படகு இல்லை. படகு போன தடமும் இல்லை. கறுத்த கடலையும், தங்கள் கப்பல்களே சுட்ட குண்டுகளையும் தவிர அங்கே எதுவும் இருக்கவில்லை என்று பிற்பாடு அவரே எழுதினார். கப்பல்களின் தளபதியே சில மணி நேரத்தில் தன் தகவலைச் சந்தேகித்து, மோசமான வானிலையால் ராடாரில் ஏற்பட்ட குழப்பமாக இருக்கலாம் என்று வாஷிங்டனுக்குத் தெரிவித்தார்.

வாஷிங்டன் காத்திருந்ததா? இல்லை. ஜனாதிபதி ஜான்சன் அன்றிரவே டெலிவிஷனில் தோன்றிப் "பதிலடி" அறிவித்தார். அடுத்த நாள் காலை ஸ்டாக்டேலை எழுப்பி, வின் நகரத்து எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு போட்டு எரிக்கும் படைக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். எதற்குப் பதிலடி என்று தான் கேட்டதாக அவரே எழுதுகிறார். கேட்டார், பிறகு போய்க் குண்டு போட்டார். அன்று 64 தடவை அமெரிக்க விமானங்கள் பறந்து தாக்கின. இரண்டு விமானங்கள் வீழ்ந்தன. ஒரு விமானி மாண்டார். இன்னொருவரான எவரெட் ஆல்வரெஸ் பிடிபட்டு எட்டரை ஆண்டுகள் சிறையில் கிடந்தார். நடக்காத தாக்குதலுக்கான பதிலடியில் கைதான முதல் விமானி அவர்.

ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கக் காங்கிரஸ் டோங்கின் தீர்மானத்தை நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபையில் 416 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒருவருமில்லை. செனட்டில் 88 பேர் ஆதரவு; எதிர்த்தவர்கள் வேய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங் என்ற இருவர் மட்டுமே. யுத்தப் பிரகடனம் என்ற ஒன்றை அமெரிக்கா கடைசிவரை செய்யவே இல்லை. இந்தத் தீர்மானமே பிரகடனத்தின் இடத்தில் உட்கார்ந்தது. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1968-க்குள் 5 லட்சத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களை வியத்நாமில் இறக்கினார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க விமானங்கள் போட்டதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான குண்டுகளை இந்தோசீன மண்ணில் கொட்டினார்கள். சிவில் ஜனங்களில் சுமார் 20 லட்சம் பேரும் போராளிகளில் 11 லட்சம் பேரும் மாண்டதாக வியத்நாம் அரசு 1995-ல் கணக்கு வெளியிட்டது. அமெரிக்கர்களில் செத்தவர்கள் 58,000-க்கு மேல்.

இப்போது ஹோவா லோ சிறைக்குத் திரும்புவோம். சிறையில் தன்னை மிகவும் வாட்டிய பயங்களில் ஒன்று, அந்த ஆகஸ்ட் இரவைப் பற்றிய உண்மையை வதைத்து வரவழைத்துவிடுவார்களோ என்பதுதான் என்று ஸ்டாக்டேல் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ராணுவ வீரன் ரகசியத்தைக் காக்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். நாம் திருப்பிக் கேட்கிறோம்: யாரிடமிருந்து காத்த ரகசியம் அது?

ஹனாயிடமிருந்தா? தங்கள் படகுகள் அன்றிரவு கிளம்பவில்லை என்பது ஹனாய்க்குத் தெரியாதா? உலகத்தில் வேறு எவரைக் காட்டிலும் அவர்களுக்குத்தானே அது நன்றாகத் தெரியும்! 1995 நவம்பரில் பழைய யுத்த மந்திரி மக்னமாரா ஹனாய்க்குப் போய் ஜெனரல் கியாப்பிடம் விசாரித்தார். ஆகஸ்ட் 4 அன்று ஒன்றுமே நடக்கவில்லை என்று கியாப் சொல்லியனுப்பினார். அவர்கள் ஆதிமுதல் சொல்லி வந்ததும் அதுதான். ஆக, "எதிரி"க்கு ரகசியமே இல்லாத ரகசியம் இது. அமெரிக்கத் தாய்மார்களிடமிருந்தும், அயோவாவின் விவசாயியிடமிருந்தும், டெட்ராய்ட் தொழிலாளியிடமிருந்தும், சிப்பாயாகப் பிடித்துச் செல்லப்பட்ட நீக்ரோ இளைஞனிடமிருந்தும் மறைக்கப்பட்ட ரகசியம்! கைதி தன் சிறைக்காவலர்களிடம் பேசாமல் இருந்தார் என்று பதக்கம் தந்தார்கள். ஆனால் அந்த மௌனத்தால் ஏமாந்தவர்கள் சிறைக்காவலர்கள் அல்ல.

இன்னொரு வேடிக்கையையும் வாசகர் கவனிக்க வேண்டும். மெடல் ஆப் ஹானர் பதக்கம் அமெரிக்கக் காங்கிரசின் பெயரால் வழங்கப்படுவது. எந்தக் காங்கிரஸ்? அந்த இரவைச் சொல்லி ஏமாற்றப்பட்ட அதே காங்கிரஸ்! சான்றுரையில் டோங்கின் என்ற சொல் தலைகாட்டவே இல்லை.

ஹோவா லோ சிறையைக் கட்டியவர்கள் பிரெஞ்சு ஏகாதிபத்தியவாதிகள். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் கட்டி, அரை நூற்றாண்டுக்கு மேல் வியத்நாமியப் புரட்சிக்காரர்களை அதில் அடைத்தார்கள். பின்னாளில் பிரதமரான தோழர் தோ முவாய் 1945-ல் அங்கிருந்து தப்பியவர். பிரெஞ்சுக்காரர்களின் கில்லட்டின் இயந்திரம் அங்கே காட்சிப் பொருளாக இருக்கிறது. அந்தக் கைதிகளின் வீரத்தைப் பற்றி நிர்வாகப் பள்ளிகளில் வகுப்பு உண்டா? தென் வியத்நாமின் கோன் சோன் தீவில், அமெரிக்கா முட்டுக்கொடுத்த ஆட்சி நடத்திய "புலிக் கூண்டு"களை 1970 ஜூலையில் இரண்டு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களே நேரில் கண்டார்கள். குறுகிய குழிகளில் ஆண்களும் பெண்களும் விலங்கோடு கிடந்தார்கள். மேலேயிருந்து சுண்ணாம்புத் தூளைக் கொட்டுவார்கள். படங்கள் பத்திரிகையில் வந்தன, உலகம் பதறியது. அந்தக் கால்கள் சூம்பிப்போன கைதிகளுக்கு எந்த வெள்ளை மாளிகையில் பதக்கம் வைத்திருந்தார்கள்?

கைதிகளை நிக்சன் பயன்படுத்திய விதம் தனிக் கதை. ஒரு அமெரிக்கக் கைதி மிஞ்சியிருக்கும்வரை படைகளும் வியத்நாமில் இருக்கும் என்று 1971-ல் அவர் பேசினார். யுத்தம் கைதிகளை உண்டாக்கியது. கைதிகளைக் காட்டி யுத்தத்தை நீட்டினார்கள். நீட்டிய யுத்தத்தில் மேலும் விமானிகள் கைதியானார்கள். தண்ணீரைக் காட்டி உப்பையும், உப்பைக் காட்டித் தண்ணீரையும் விற்கிற வியாபாரம்!

அதே 1971-ல், ஏப்ரல் 23 அன்று, வியத்நாமில் போரிட்டுத் திரும்பிய நூற்றுக்கணக்கான வீரர்கள் வாஷிங்டனில் காங்கிரஸ் மாளிகைப் படிகளுக்கு அணிவகுத்து வந்தார்கள். நொண்டிக்கொண்டு வந்தவர்கள், சக்கர நாற்காலியில் வந்தவர்கள். ஒவ்வொருவராக முன்னே வந்து, தங்கள் சில்வர் ஸ்டார்களையும் பர்ப்பிள் ஹார்ட்களையும் வேலிக்கு அப்பால் வீசி எறிந்தார்கள். ரத்தம் சிந்திப் பெற்ற பதக்கங்கள்தான் அவையும்.

1973 மே 24-ம் தேதியைப் பாருங்கள். விடுதலையான கைதிகளுக்கு வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் நிக்சன் பிரம்மாண்டமான விருந்து வைத்தார். வாட்டர்கேட் நாற்றம் மூக்கைத் துளைத்த நாட்கள் அவை. அன்றே அந்தக் கைதிகளின் முன்னால் பேசிய நிக்சன், அரசாங்க ரகசியங்களைத் திருடிப் பத்திரிகைகளில் வெளியிடுகிறவர்களைத் தேச வீரர்களாக்குவதை நிறுத்த வேண்டும் என்று முழங்கினார். யாரைச் சாடினார்? வியத்நாம் யுத்தத்தின் பொய்களைப் பென்டகன் தஸ்தாவேஜுகளின் மூலம் அம்பலப்படுத்திய டேனியல் எல்ஸ்பெர்க்கைத்தான். அவருக்கு 115 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கக்கூடிய வழக்கு போட்டிருந்தார்கள். அவருடைய மனநல வைத்தியரின் அலுவலகத்தில் நிக்சனின் ஆட்கள் பூட்டை உடைத்துப் புகுந்த குட்டு வெளிப்பட்டு, 13 நாள் முன்புதான் அந்த வழக்கு தள்ளுபடியாகியிருந்தது. உண்மையைச் சொன்னவனுக்கு 115 ஆண்டு. சொல்லாதவனுக்கு 26 விருதுகள். அமெரிக்க நீதியின் தராசு இது!

சிறைக்குள்ளேயே இந்தத் தராசு வேலை செய்தது. யுத்தம் தவறு என்று வெளிப்படையாகப் பேசிய மூத்த அதிகாரிகள் இருவர் அங்கே இருந்தார்கள். ஒருவர் கடற்படை, மற்றவர் மரீன் படை. இருவரும் விமானிகள், இருவரும் சுட்டு வீழ்த்தப்பட்டவர்கள், இருவரும் ஆண்டுக்கணக்கில் கைதியாகக் கிடந்தவர்கள். விடுதலையான பிறகு அவர்கள் மீது கலகக் குற்றம் சாட்டி மனு கொடுத்தவர் ஸ்டாக்டேல். விசாரணை என்று வந்தால் என்னென்ன வெளியே வருமோ என்ற யோசனை மேலிடத்துக்கு இல்லாமலா இருந்திருக்கும்? குற்றச்சாட்டுகளைக் கைவிட்டு, இருவருக்கும் கண்டனக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள்.

ஸ்டாக்டேல் கடைசிவரை வாயே திறக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 1984-ல் மனைவி சிபிலுடன் சேர்ந்து எழுதிய நூலில் டோங்கின் இரவை ஒளிவு மறைவின்றி எழுதினார். அதற்கு அவரைப் பாராட்டலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 1964-ல் கண்டதை 1984-ல் எழுதினார். விடுதலையாகி வந்த 1973-ல் சொல்லியிருந்தால், வாஷிங்டன் 1975 வரை சைகோனுக்கு ஆயுதமும் டாலரும் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் சொல்லியிருந்தால், அந்தச் சொல்லுக்கு இருந்திருக்கும் கனம் வேறு. பதக்கம் வந்து எட்டு ஆண்டு கழித்து வந்த உண்மையால் யுத்த எஜமானர்களுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. மேற்சொன்ன நிர்வாக நூல் எடுத்து வைத்துக்கொண்டது சிறைவாசக் கதையை. டோங்கின் இரவை அல்ல.

ஸ்டாக்டேல் 2005 ஜூலை 5 அன்று காலமானார். அந்த ஆண்டு நவம்பர் கடைசியில்தான், அமெரிக்க அரசின் தேசியப் பாதுகாப்பு முகமை, தன் சரித்திராசிரியர் ராபர்ட் ஹான்யாக் எழுதிய ஆய்வை வெளியிட்டது. ஆகஸ்ட் 4 அன்று தாக்குதல் நடக்கவில்லை. ஒட்டுக்கேட்ட தகவல்களைத் தாக்குதல் நடந்தது போல் தோன்றும்படி திரித்துக் கொடுத்தார்கள் என்பது அதன் முடிவு. எழுதி நான்கு ஆண்டுகளாகியும் அதை வெளியிடவில்லை. ஈராக் யுத்தத்துக்குச் சொன்ன பொய்யோடு ஜனங்கள் ஒப்பிட்டுவிடுவார்களே என்ற பயமும் அதற்கு ஒரு காரணம் என்று அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது. அந்த மாதத்தில் ஈராக்கில் செத்த அமெரிக்கச் சிப்பாய்களின் தொகை 2,000-ஐத் தாண்டியிருந்தது. புதிய பர்ப்பிள் ஹார்ட்கள் தடையில்லாமல் வழங்கப்பட்டுக்கொண்டிருந்தன.