விதவை பாடவில்லை என்ற புகார்

எரிக் வான் ஸ்ட்ரோஹைமின் 'த மெர்ரி விடோ' (1925) படத்தை நாங்கள் திரையிட்ட இரவில் நண்பர் ஒருவர் சொன்னார்: பாட்டு நாடகத்தை மௌனப் படமாக எடுப்பது, நாதஸ்வரத்தின் புகைப்படத்தை மாட்டிவைத்துக் கல்யாணம் நடத்துவதற்கு ஒப்பாகும் என்று. எல்லோரும் சிரித்தோம். சிரித்தவர்களுள் நாங்களும் உண்டு என்பதை ஒப்புக்கொண்டே இந்த மறுப்பை எழுதுகிறோம்.

முதலில், மௌனப் படம் மௌனமாகக் காட்டப்படவில்லை. வில்லியம் ஆக்ஸ்டும் டேவிட் மெண்டோசாவும் இப்படத்துக்கென இசை தொகுத்தார்கள். திரைக்குக் கீழே வாத்தியக்காரர்கள் இருந்தார்கள். இழக்கப்பட்டவை பாடகரின் குரலும் பாட்டின் சொற்களும் மட்டுமே. அந்த இழப்பு எவ்வளவு பெரியது? 1905 டிசம்பர் 30 அன்று வியன்னாவில் அரங்கேறிய லெஹாரின் ஓபரெட்டாவிலேயே விடை இருக்கிறது. பணக்கார விதவையைக் காதலிக்கும் டானிலோ, பணத்துக்காக வந்தவன் என்ற பழிக்கு அஞ்சிக் காதலைச் சொல்ல மறுக்கிறான். புகழ்பெற்ற அந்த வால்ட்ஸ் இரண்டாம் அங்கத்தில் நடனமாகத்தான் வருகிறது. சொற்கள் அதற்குக் கிடைப்பது மூன்றாம் அங்கத்தில். வாய் திறவாத காதலே நாடகத்தின் உயிர் என்றால், வாயடைத்த கலை அதற்கு எப்படி அந்நியமாகும்?

நண்பர்கள் ஒரு காட்சியை மீண்டும் பார்க்க வேண்டுகிறோம். மேடையில் சாலி (மே மர்ரே) ஆடுகிறாள். மூன்று ஆண்கள் தொலைநோக்கிக் கண்ணாடி வழியே பார்க்கிறார்கள். கிழப் பிரபு சடோயாவுக்குப் பாதங்கள் மட்டுமே தெரிகின்றன. பட்டத்து இளவரசன் மிர்கோவுக்கு உடல். டானிலோவுக்கு (ஜான் கில்பர்ட்) முகம். ஒரே பெண், ஒரே நடனம், மூன்று பசிகள். யார் அவளை மணப்பான், யார் வேட்டையாடுவான், யாரிடம் அவள் தோற்பாள் என்று கதை முழுவதும் சில நொடிகளில் சொல்லப்பட்டுவிடுகிறது. இதை மூவர் பாடும் பாட்டாக்கினால் ஆளுக்கொரு சரணம் போதாது. அப்போதும் மூவரும் தம்மைப் பற்றிப் பொய்தான் பாடுவார்கள். கண்ணாடி பொய் சொல்லவில்லை.

இன்னொரு புகார், ஸ்ட்ரோஹைம் மூலத்தைச் சிதைத்தார் என்பது. சிதைத்தார்தான். நாடகம் தொடங்கும்போதே அவள் விதவை. படத்திலோ பாதிக்கு மேல் கடந்த பிறகே அவள் விதவையாகிறாள். அரச குடும்பம் அவளைத் தள்ளுகிறது; காதலன் கைவிடுகிறான்; ஆத்திரத்தில் கிழவனை மணக்கிறாள்; முதலிரவிலேயே அவன் இறக்கிறான். ஓபரெட்டா இரண்டு வரியில் தாண்டிப்போன இடத்தில் இவர் நின்று பார்த்திருக்கிறார். 1885இல் வியன்னாவில் பிறந்தவர், தொப்பி வியாபாரியின் மகன், 'வான்' என்ற பிரபுப் பட்டத்தைத் தாமாகவே சூட்டிக்கொண்டவர். சீருடைகளின் மினுக்கும் அதன் போலித்தனமும் அவருக்குத் தெரியும். லெஹார் சிரித்துத் தீர்த்த அந்தச் சாம்ராஜ்யம் 1918இல் அழிந்துவிட்டது. 1925இல் அதே சிரிப்பை அப்படியே சிரிப்பதை நாங்கள் விசுவாசம் என்று ஏற்கமாட்டோம். மே மர்ரேயின் உதட்டுச் சுழிப்புகளையும், முடிசூட்டோடு வரும் அந்த அவசர மங்களத்தையும் தற்காத்துப் பேச எங்களுக்கு விருப்பமில்லை. அவற்றை நண்பர் எடுத்துக்கொள்ளட்டும்.

1934இல் லூபிட்ஷ் பாட்டோடு எடுத்த படத்தை எதிர்ச்சாட்சியாகக் கொண்டுவருவார்கள். அருமையான படம். ஆனால் அதில் எல்லோரும் நினைவுகூரும் இடம் எது? அரசர் ராணியின் அறையைவிட்டுப் போகிறார். டானிலோ நுழைகிறான். மறந்த வாள்கச்சையை எடுக்க அரசர் திரும்பி வருகிறார். எடுத்துக்கொண்டு வெளியே வந்து கட்டிப் பார்த்தால், கச்சை அவர் இடுப்புக்கு எட்டவில்லை. மூடிய ஒரு கதவும் ஒரு கச்சையும்தான் அங்கே பேசுகின்றன. அந்த இடத்தில் யாராவது பாடுகிறார்களா என்று நண்பரே பார்த்துச் சொல்லட்டும்.