மாற்று டியூபை விதை போல் பேணுதல்

விதை நெல்லைப் பேணும் வகையில் இந்நாட்டுக் குடியானவருக்கு எவரும் புதிதாய்ப் போதிக்க வேண்டுவது சிறிதே. களத்தில் நன்றாய் உலர்த்துதல், பதரும் கருக்காயும் போகத் தூற்றுதல், ஈரம் ஏறாத இடம் பார்த்துக் குதிரிலேனும் கோட்டையிலேனும் சேமித்தல், நொச்சித் தழையோ வேப்பந் தழையோ இட்டுப் பூச்சியை விலக்குதல் ஆகிய இவையெல்லாம் பரம்பரையாய் வந்த பழக்கங்கள். இவ்வளவு கவலை எடுப்பதன் காரணம் ஒன்றே. விதை என்பது இன்றைய உபயோகத்திற்கு உரியதன்று. பின்னொரு நாளில் தவறாது பலன் தரவேண்டியது. அந்நாளில் அது முளைக்காவிடில், அதுவரை அதைக் காத்து வைத்திருந்ததால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

இதே குணம் உடைய மற்றொரு பொருள் இக்காலத்து உழவர் வீடுகளில் உண்டு. அதுவே டிராக்டர், டிரெயிலர், பவர் டில்லர், டயர் வண்டி ஆகியவற்றிற்கென வாங்கி வைக்கப்படும் மாற்று டியூப். அதுவும் பின்னொரு நாளுக்காக வாங்கப்படுவது. அந்நாளில் காற்றைத் தாங்காவிடில் வாங்கிய பயன் இல்லை. ஆயினும் விதை நெல்லுக்கு நடக்கும் உபசாரத்தில் நூற்றில் ஒரு பங்கும் இதற்கு நடப்பதில்லை. மோட்டார்க் கொட்டகையின் ஆணியிலே மாலை போலத் தொங்குவதும், டூல் பெட்டியில் ஸ்பானருக்கும் சங்கிலிக்கும் அடியில் கிரீஸில் ஊறிக் கிடப்பதும், மாட்டுக் கொட்டகைப் பரணில் எலிக்கு இரையாவதும் எங்கும் காணும் காட்சி. இவ்வழக்கத்தை மாற்றுதல் அவசியம். மாற்றுவதற்குச் செலவும் மிகச் சொற்பம்.

முதலில் இதனால் நேரும் நஷ்டம் எத்தகையது என்பதை ஆலோசித்தல் நலம். காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை அறுவடை நடக்கும் காலம். வடகிழக்குப் பருவமழை எந்நேரமும் இறங்கலாம். உலர்த்திய நெல்லை மூட்டையாக்கி டிரெயிலரில் ஏற்றி, கொள்முதல் நிலையத்திற்கு ஒரு குடியானவர் மாலையில் புறப்படுகிறார் என்று கொள்க. பாதி வழியில் கருவேல முள் ஏறிச் சக்கரம் அமர்ந்துவிடுகிறது. அதற்கென்றே வாங்கிய மாற்று டியூபை எடுத்துக் காற்று ஏற்றினால், மடிப்புத்தோறும் வெடித்துச் சீறுகிறது. கடைகள் மூடிய பின் அவ்விரவு முழுவதும் நெல் வெட்ட வெளியில் நிற்கும். ஒரு மழை பெய்து மூட்டைக்குள் ஈரம் புகுந்துவிட்டால் மறுநாள் நிலையத்தில் அந்நெல் எடுபடுவது சந்தேகமே. கொள்முதலுக்குப் பொதுவாக விதிக்கப்பட்டுள்ள ஈரப்பதத்தின் எல்லை நூற்றுக்கு 17. நான்கு மாத உழைப்பு, ஒரு ரப்பர் வளையம் இற்றுப்போன காரணத்தால் விலை குறைந்து போகும். டியூபின் விலையை மட்டும் கணக்கிடுவோர் இந்த நஷ்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ரப்பர் எவ்வாறு கெடுகிறது என்பதை அறிந்தால் காக்கும் முறை தானே விளங்கும். ரப்பரும் ஒரு விளைபொருளே. 1876-ல் பிரேசில் தேசத்திலிருந்து ஹென்றி விக்கம் என்பவர் கொண்டுபோன விதைகளிலிருந்து கீழ்நாடுகளில் பரவிய மரத்தின் பாலே அது. கன்னியாகுமரி மாவட்டத்து உழவர் இன்றும் அதைப் பயிரிட்டு வருகின்றனர். வெயிலில் இளகியும் குளிரில் விறைத்தும் போகும் அப்பொருளைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றினால் உறுதிப்படும் என்பதை 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். அதனால் ரப்பருக்கு உறுதி கிட்டியதே யொழிய, அழியாத் தன்மை கிட்டவில்லை. காற்றிலுள்ள பிராணவாயு நாளடைவில் அதைத் தாக்கிக்கொண்டே இருக்கிறது. வெப்பம் 10 டிகிரி உயருந்தோறும் இச்சிதைவின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே கோடையில் தகரக் கூரையின் கீழ்க் கிடக்கும் டியூப், ஓட்டு வீட்டின் நிழலறையில் இருப்பதைவிட மிக விரைவில் மூப்படையும். வெயில் நேரே படுமாயின் கேடு இன்னும் அதிகம்.

பிராணவாயுவைக் காட்டிலும் கொடிய பகை ஓசோன் என்னும் வாயு. இது காற்றில் மிகச் சிறிய அளவில் எங்கும் உள்ளது. மின்சாரப் பொறி பறக்கும் இடங்களில் அதிகமாய் உண்டாகும். வெல்டிங் செய்யும் பட்டறையும், பொறி தட்டும் மோட்டாரும் ஸ்விட்சும் உள்ள கொட்டகையும் அத்தகைய இடங்கள். கவனிக்கத்தக்க விஷயம் யாதெனில், இழுபடாமல் தளர்வாய்க் கிடக்கும் ரப்பரில் ஓசோன் வெடிப்பு உண்டாக்குவதில்லை. இழுபட்டோ மடிந்தோ இருக்கும் இடத்திலேயே அது கீறலைத் தோற்றுவிக்கும். இறுக மடித்துக் கயிறு போட்டுக் கட்டிய டியூப் மடிப்பிலேயே வெடிப்பதும், ஆணியில் தொங்கியது ஆணி பட்ட இடத்திலேயே கிழிவதும் இக்காரணம் பற்றியே. மோட்டார்க் கொட்டகை, ஆணி, இறுகிய கட்டு ஆகிய மூன்றும் ஒன்று கூடினால் புது டியூபும் சில பருவங்களில் பழையதாகிவிடும்.

இக்காலத்து டியூப்களில் பெரும்பாலானவை பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை என்றும், அவற்றிற்கு இவ்விதக் கேடுகள் இல்லை என்றும் சிலர் கூறுவர். 1937-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட இந்த ரப்பர், காற்றை உள்ளே தக்கவைப்பதில் மரத்து ரப்பரினும் பன்மடங்கு மேலானது என்பதும், ஓசோனையும் வெகுவாய் எதிர்த்து நிற்கும் என்பதும் மெய்யே. ஆயினும் டீஸலும் கிரீஸும் பட்டால் இதுவும் ஊறிப் பருத்து வலுவிழக்கும். கூர்மையான இரும்பு உராய்ந்தால் இதுவும் கிழியும். எலியின் பல்லுக்கு இரண்டும் ஒன்றே. எனவே, பியூட்டைல் என்ற பெயரை நம்பிப் பாதுகாப்பைக் கைவிடுதல் தகாது.

ரப்பர் காய்ந்துபோகாமல் இருக்க எண்ணெய் தடவி வைத்தல் நலம் என்பது வேறொரு தவறான எண்ணம். தோலுக்கு எண்ணெய் நன்மை செய்வதைக் கண்டு ரப்பருக்கும் அவ்வாறே என்று எண்ணுகின்றனர் போலும். மண்ணெண்ணெய், டீஸல், இயந்திர எண்ணெய் முதலியவை ரப்பரை மிருதுவாக்குவது போலத் தோன்றி அதன் உறுதியைக் கெடுப்பனவேயாம். டியூபிற்கு இட வேண்டியது டயர்க் கடைகளில் கிடைக்கும் டால்க் தூள் ஒன்றே. அது ரப்பரோடு ரப்பர் ஒட்டிக் கொள்வதைத் தடுக்கும். டயருக்குள் பொருத்தும்போதும் டியூப் முறுக்கிக் கொள்ளாமல் எளிதில் அமரச் செய்யும்.

மாட்டுக் கொட்டகையில் டியூபை வைத்தல் ஆகாது என்பதற்கு எலியைத் தவிர வேறொரு காரணமும் உண்டு. டியூபின் வால்வு பெரும்பாலும் பித்தளையால் ஆனது. முன்னர் பிரிட்டிஷ் இந்தியப் படையினர் பித்தளைத் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது, அவை தாமே வெடிப்புக் கண்டன. கால்நடைகளின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஆவியே அதற்குக் காரணம் என்பது 1921-ல் விளக்கப்பட்டது. தோட்டாவைக் கெடுத்த ஆவி வால்வை மாத்திரம் விட்டு வைக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. யூரியா மூட்டையாக இருந்த காலிச் சாக்கில் டியூபைச் சுற்றி வைப்பதும் இக்காரணத்தாலேயே விலக்கத்தக்கது.

அங்ஙனமாயின் மாற்று டியூபை எவ்விதம் வைத்தல் வேண்டும்? வீட்டினுள் வெயிலும் அடுப்புச் சூடும் படாத, இருண்ட, உலர்ந்த இடமே உத்தமம். கடையில் கொடுத்த உறையும் பெட்டியும் பழுதின்றி இருந்தால் அவற்றிலிருந்து பிரிக்காமல் வைக்கலாம். பிரித்தது ஆயின், துடைத்து உலர்த்தி, டால்க் தூள் தூவி, வடிவம் நிற்கும் அளவுக்கு மட்டும் சிறிது காற்று ஏற்றிப் பலகை மீது தட்டையாய்க் கிடத்துவது நன்று. இடம் போதாவிடில், வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதும் வெளியேற்றி, ஊசியைத் திரும்பப் பொருத்தித் தளர்வாய் மடித்து வைக்கலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை இடம் மாற்ற வேண்டும். பல டியூப்களை அடுக்குவோர் 50 சென்டிமீட்டர் உயரத்திற்கு மேல் அடுக்காதிருத்தல் நலம். மேலுள்ளவற்றின் பாரம் அடியிலுள்ளதை நசுக்கும். செப்புக் கம்பி கொண்டு கட்டுதல் அறவே கூடாது. மரத்து ரப்பரின் சிதைவைச் செம்பு துரிதப்படுத்தும். வால்வின் மூடி எப்பொழுதும் இறுகியிருத்தல் வேண்டும். 6.00–16, 13.6–28 என்பன போன்ற அளவையும் வாங்கிய மாதத்தையும் ஒரு அட்டையில் எழுதி உடன் வைத்தால், அவசரத்தில் ஒன்றுக்கு ஒன்று மாறாது.

வழியில் எடுத்துச் செல்லும் டியூபிற்கோ இதினும் அதிகக் கவனம் தேவை. டிராக்டரின் பெரிய பின்சக்கரத்தை வயல் வழியில் இருவர் நின்று கழற்றி மாட்டுதல் எளிதன்று. அதற்குரிய டியூப் வீட்டில் இருப்பதே போதும். உடன் செல்ல வேண்டியது முன்சக்கரத்திற்கும், முழு மாற்றுச் சக்கரம் இல்லாத டிரெயிலருக்கும் உரியதே. அதைச் சுத்தமான பழந்துணியில் சுற்றித் தடித்த பிளாஸ்டிக் பையில் இட்டு வாயைக் கட்டி, தனிப் பெட்டியிலேனும் இருக்கையின் அடியில் ஒதுக்கிய இடத்திலேனும் ஆடாமல் பொருத்த வேண்டும். சாக்கு மட்டும் சுற்றினால் மணலும் தூசியும் புகுந்து, வண்டி குலுங்குந்தோறும் ரப்பரை உரைக்கும். ஸ்பானர், லீவர், ஜாக்கி ஆகியவற்றோடு ஒரே பெட்டியில் கலத்தல் ஆகாது; இஞ்சின், புகைக்குழாய், பாட்டரி ஆகியவற்றின் அருகிலும் வைத்தலாகாது. பாட்டரித் திராவகத்தின் ஒரு துளி போதும், துணியும் டியூபும் சேர்ந்தே கெடும்.

இவ்வளவும் ஒரு டியூபிற்காகவா என்று கேட்போர் உளர். வேண்டும்போது கடையில் வாங்கிக் கொள்ளலாம் என்பது அவர்களது வாதம். முள் ஏறுவது கடை திறந்திருக்கும் நேரம் பார்த்து அன்று. அறுவடைக் காலத்தில் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் தேவை எழும்போது வேண்டிய அளவு கடையில் இல்லாமற் போவதும் உண்டு. பங்சர் ஒட்டிச் சமாளிக்கலாம் என்பது மற்றொரு வாதம். ஒரு துளையை ஒட்டலாம். இற்றுப்போன டியூபில் ஒட்டுவதற்கு உறுதியான இடமே இராது. ஆதலால் இவ்விரண்டு வாதங்களும் நிற்கத் தக்கனவல்ல.

பொறுப்பு முழுவதையும் குடியானவர் தலையில் ஏற்றுதலும் நியாயமன்று. கடையின் வாசலில் வெயில் படும்படி டியூப்களைத் தோரணமாய்த் தொங்கவிடும் வியாபாரி, வாங்குவோர் கைக்கு வருமுன்னரே அதன் ஆயுளில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறார். அவ்விதம் தொங்கியதை வாங்க மறுத்து, உறை பிரியாததைக் கேட்டு வாங்குதல் குடியானவரின் உரிமை. கூட்டுறவுச் சங்கங்களும் வாடகைக்கு இயந்திரம் கொடுக்கும் நிலையங்களும் இதில் வழிகாட்டுதல் வேண்டும். வாங்கிய தேதியைக் குறித்து, முன் வந்ததை முன் கொடுத்து, வண்டியுடன் அனுப்பும் மாற்று டியூபைப் பருவத்துக்கு ஒருமுறை பரீட்சித்து, பேரேட்டில் பதிதல் அவர்களுக்குப் பெரும் பாரமன்று. வாடகைக்கு வண்டி எடுப்பவர் பெரும்பாலும் சிறு நிலக்காரர். நடுவழியில் வண்டி நின்றால் நஷ்டம் அவருடையது, கவனக்குறைவோ பிறருடையது. இந்நிலை முறையன்று.

பரீட்சிக்கும் விதமும் சுலபமே. அறுவடைக்கு ஒரு மாதம் முன்னதாகவே டியூபை எடுத்து, மிதமாய்க் காற்று ஏற்றி, மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியில் சிறிது சிறிதாய் அமிழ்த்திச் சுற்றிலும் பார்க்க வேண்டும். வால்வின் அடியிலும் பழைய மடிப்புகளிலும் குமிழி எழுகிறதா என்று விசேஷமாய்க் கவனித்தல் அவசியம். பின்னர் உலர்த்தி ஓர் இரவு வைத்திருந்து, காலையில் காற்றுக் குறையாதிருந்தால் அதை நம்பி எடுத்துச் செல்லலாம். குறைந்திருந்தால் வேறு வாங்குவதற்கு ஒரு மாதம் மீதி இருக்கிறது.

விதைப்பதற்கு முன் ஒரு பிடி விதையை ஈரச் சாக்கில் முளைகட்டிப் பார்க்காமல் நாற்றங்காலில் இறங்கும் உழவர் அரியர். அதே முன்யோசனையை விளைச்சலைக் கரை சேர்க்கும் பொருளின்பாலும் செலுத்துவாராயின், விளைந்த நெல் நனையாமல் உரிய விலைக்குப் போய்ச் சேரும்.