இடக்கரடக்கலும் மருத்துவர் அறையும்

அவையில் சொல்லத் தகாதவற்றை மறைத்துச் சொல்லுமாறு தொல்காப்பியம் விதித்தது. நன்னூல் அதனை இடக்கரடக்கல் எனப் பெயரிட்டுத் தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாக வைத்தது. அவைக்குரிய இம்மரபை மருத்துவர் அறைக்குள்ளும் சுமந்து செல்கிறோம் என்பதே என் குறை.

சென்ற ஆண்டு, தில்லியில் நூலக வாசிப்பறையிலிருந்து நாளெல்லாம் எழுந்தோட நேர்ந்தது. மருத்துவரிடம் 'அடிக்கடி போக வேண்டியிருக்கிறது' என்று மட்டும் முணுமுணுத்தேன். 'அடிக்கடியா, அவசரமா?' என்று அவர் கேட்டார். மொழியியல் படித்த எனக்கு அதுவரை அந்த வேறுபாடு உறைக்கவில்லை.

அடிக்கடி என்பது எண்ணிக்கை. அவசரம் என்பது திடீரென எழுந்து, தள்ளிப்போட இயலாதபடி உந்தும் உணர்வு. பன்னாட்டுச் சிறுநீர் கட்டுப்பாட்டுச் சங்கம் 2002இல் வெளியிட்ட வரையறையின் சாரமும் இதுவே. எரிச்சல் வேறு, அடைவதற்குள் கசிவது வேறு, இரவில் எழுவது வேறு. ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தைச் சுட்டக்கூடும்: தொற்று, நீரிழிவு, கல், நரம்புக் கோளாறு, ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம். 'ஒன்றுக்கு வருகிறது' என்னும் ஒரே தொடர் இவை அனைத்தையும் விழுங்கிவிடுகிறது.

எனக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று இல்லை. இரத்தச் சர்க்கரையும் இயல்பு. மூன்று நாள் குறிப்பேடு எழுதச் சொன்னார்: குடித்தது என்ன, போன நேரம், அளவு, அவசரம் இருந்ததா. பெரியவர்களின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 300 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும்; என் குறிப்பேட்டில் பல முறை 100கூட இல்லை. நிறையுமுன்பே பையின் தசை சுருங்குகிறது என்றார். அஞ்சி நான் தண்ணீரைக் குறைத்திருந்தேன். செறிந்த சிறுநீர் பையை மேலும் உறுத்தும். நாளுக்கு ஆறு தேநீரும் துணைபோயிருந்தது. தேநீரைக் குறைத்து, போகும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிப் பழகினேன். சில வாரங்களில் தணிந்தது.

கழிப்பறை தொலைவில் இருப்பதால் களப்பணியில் தண்ணீரே குடிக்காத ஆய்வு மாணவியர் பலரை அறிவேன். கழிப்பறை வேண்டும் என்று துறைத்தலைவரிடம் கேட்கவும் நமக்கு நேர்ச்சொல் வேண்டியிருக்கிறது.

சிறுநீரில் இரத்தம், காய்ச்சல், திடீரெனப் போக முடியாமை, கால் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காத்திராதீர்கள். இடக்கரடக்கல் அவைக்கு அழகு. நோயைச் சொல்லுமிடத்தில் அது நோய்க்கே துணை.